உள்ளே பூட்டிய கட்டில்

புனேவின் கோத்ரூட் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நான்கு வருடமாக மாதம் தவறாமல் தலைக்குக் கறுப்பு டை போட்டு வந்தவர். வரும் தையில் மகளுக்குக் கல்யாணம். "இவ்வளவு கறுப்பு வேண்டாம்மா, கொஞ்சம் பழுப்பாக இருந்தால் உன் முகத்துக்கு நன்றாக இருக்கும்" என்று மகள் சொல்லியிருக்கிறாள். இவரும் இரண்டு மாதம் டை போடாமல் இருந்துவிட்டு, துளசி பாக் சந்தையில் ஒரு பழுப்பு டை வாங்கி உச்சியிலிருந்து நுனிவரை தடவியிருக்கிறார். வேரை ஒட்டிய ஒரு விரற்கடை மட்டும் புளி போட்டுத் துலக்கிய செம்புபோல் மின்னுகிறதாம். அதற்குக் கீழே பழைய கறுப்பு அப்படியே இருக்கிறதாம். "ப்ளீச் வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமா? முடி கொட்டிவிடுமா?" என்று கேட்கிறார்.

டை எப்படிப் போடுவது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். போட்ட டை எங்கே போய் உட்காருகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. அது தெரிந்துவிட்டால் இந்த வாசகியின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

நான் புனேவுக்கு வந்த புதிதில் நாராயண் பேட்டில் வாடா என்று இங்கே சொல்லும் ஒரு பழைய மராட்டிய வீட்டின் மாடியில் குடியிருந்தேன். ஒரு ஆள் தோளைச் சாய்த்து ஏறவேண்டிய மரப்படிக்கட்டு. எங்கள் தேக்குக் கட்டிலைத் தச்சர் கால் தனி, சட்டம் தனி, பலகை தனியாகக் கழற்றி மேலே ஏற்றி, அறைக்குள் வைத்துப் பூட்டிக் கொடுத்தார். பூட்டிய பிறகு அந்தக் கட்டில் அந்தப் படிக்கட்டு வழியாக வெளியே வர வழியே இல்லை.

நிரந்தர டை முடிக்குள் செய்வதும் இதைத்தான். குப்பியில் இருக்கும்போது அதில் கறுப்பு நிறமே கிடையாது. பாரா-ஃபீனிலீன்டையமீன், சுருக்கமாக பிபிடி, என்ற சிறு மூலக்கூறும் அதன் கூட்டாளிகளும்தான் இருக்கின்றன. ஜெர்மானிய வேதியியலாளர் ஹாஃப்மன் 1863-இல் விவரித்த பொருள் இது. 1907-இல் பாரிஸில் யூஜின் ஷ்யூலர் என்ற இளம் வேதியியலாளர் இத்தகைய பொருள்களைக் கொண்டு தலைச்சாயம் செய்தார்; 1909-இல் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் லோரியல் ஆயிற்று. அமோனியா முடியின் மேல்செதில்களைத் தூக்கிவிடும். நிறமற்ற இந்தச் சிறு துண்டுகள் அந்த இடுக்கு வழியே உள்ளே நுழையும். கூடவே போகும் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே வைத்து அவற்றை ஒன்றோடொன்று பூட்டும். பூட்டியபின் அவை பெரிய, கறுப்பு மூலக்கூறுகள். நுழைந்த வழியாக வெளியே வர முடியாது. ஆறு மாதம் ஷாம்பு போட்டும் கறுப்பு போகாததற்குக் காரணம் இதுதான்.

இப்போது வாசகியின் செம்பு வேருக்கு வருவோம். பழுப்பு டையில் இருந்த பெராக்சைடு, புதிதாக வளர்ந்த முடியின் இயற்கை நிறமியான மெலனினைக் கொஞ்சம் வெளுக்க வைத்தது. நரைத்த முடிகளில் பழுப்பு நேராகவே ஏறியது. அதனால் வேர் பளபளத்தது. கீழே ஏற்கெனவே பூட்டிக் கிடந்த கட்டில்களை அந்த டையால் அசைக்க முடியவில்லை. கறுப்பின்மேல் பழுப்பு ஏறினால் கறுப்பாகவே தெரியும். சாயத்தைச் சாயம் வெளுக்காது என்று பார்லரில் வேலை செய்யும் பெண்கள் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தலைமுடி மாதம் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. முப்பத்தைந்து சென்டிமீட்டர் முடியின் நுனிக்கு வயது கிட்டத்தட்ட மூன்று. ஒவ்வொரு மாதமும் நுனிவரை தடவியிருந்தால் அந்த நுனி முப்பதுக்கும் மேற்பட்ட டைகளைக் கண்டிருக்கிறது. ஒரே தலையில் வேர் பச்சைக்குழந்தை, நுனி கிழவி. இரண்டுக்கும் ஒரே மருந்தை ஒரே நேரம் கொடுப்பதில்தான் பெரும்பாலான விபத்துகள் தொடங்குகின்றன.

பூட்டிய கட்டிலை வெளியே எடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, மரையைக் கழற்றித் துண்டு துண்டாக இறக்குவது. மற்றது, கோடாலியால் பிளப்பது. கலர் ரிமூவர் என்று விற்கப்படுவது முதல் வகை. ப்ளீச் இரண்டாவது வகை. கோடாலி வீசும்போது கட்டிலோடு சுவரிலும் அடி விழும். ப்ளீச் சாயத்தை உடைக்கும்போது முடியின் புரதத்தையும், மேலே இருக்கும் மெல்லிய கொழுப்புப் படலத்தையும் சேர்த்தே அரிக்கிறது.

கழற்றும் வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் என்னை வருடக்கணக்காக வியக்க வைத்த விஷயம் அதில் இருக்கிறது.

திண்டிவனம் பக்கம் நீலச் சாயம் எடுக்கும் அவுரி பயிராகிறது. தழையைத் தொட்டியில் ஊறப்போட்டு மறுநாள் தண்ணீரை வடித்தால் அது பச்சையும் மஞ்சளும் கலந்து இருக்கும். நீலத்தின் சாயலே இராது. ஆட்கள் தொட்டிக்குள் இறங்கி வரிசையாக நின்று காலால் அந்தத் தண்ணீரை உதைத்து உதைத்து அடிப்பார்கள். காற்று உள்ளே புகப் புக நுரை எழும்பும்; தண்ணீர் கண்ணெதிரே நீலமாகும். வெளியிலிருந்து யாரும் நீலத்தைக் கொண்டுவந்து கொட்டவில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜன்தான் அதை உண்டாக்கியது. அந்த நீலத்தைத் துணியில் ஏற்றும் சாயக்காரர் இதைத் தலைகீழாகச் செய்வார். 'ஹைட்ரோஸ்' என்று சாயப்பட்டறைகளில் சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டைப் போட்டால் ஆக்சிஜன் பறிபோய் நீலம் மறுபடி வெளிறிக் கரைந்துவிடும். துணியை முக்கி எடுத்துக் காற்றில் பிடித்தால் மஞ்சள் பச்சையாகி, பச்சை நீலமாகும். போன நிறம் திரும்பி வந்துவிடும்.

தலைக்கான கலர் ரிமூவரும் இதே குடும்பம். அது ஆக்சிஜன் பூட்டிய மரைகளைக் கழற்றுகிறது. கறுப்பு மூலக்கூறுகள் சிறுசிறு துண்டுகளாகி நிறம் இழக்கின்றன. கண்ணாடியில் பார்த்தால் முடி வெளுத்துவிட்டது. ஆனால் துண்டுகள் இன்னும் முடிக்குள்ளேயே கிடக்கின்றன! கழற்றிய கட்டிலை அறையிலேயே போட்டுவிட்டு வந்ததுபோல. நீண்ட நேரம் அலசி அவற்றை வெளியேற்றாமல் விட்டால், காற்றில் உள்ள ஆக்சிஜனும், அவசரப்பட்டு மேலே போடும் புது டையின் பெராக்சைடும் அவற்றைத் திரும்பப் பூட்டிவிடும். மாலையில் வெளுத்த தலை இரண்டு நாளில் கறுத்துப்போனது என்று பலர் சொல்வது இதைத்தான். சரக்கு போலி என்று நினைத்து அவர்கள் மறுபடி பணம் செலவழிக்கிறார்கள். வேண்டியிருந்தது இன்னும் இருபது நிமிடத் தண்ணீர் மட்டுமே.

தண்ணீர் என்றதும் ஒன்று. புனேவின் புறநகர் அடுக்ககங்களில் டேங்கரும் போர்வெல்லும்தான் பல வீடுகளுக்குக் கதி. கடினநீரில் வரும் இரும்பும் செம்பும் முடியில் படிகின்றன. அவை பெராக்சைடைத் தூண்டிவிட்டு, வேலை வேண்டிய அளவைத் தாண்டிப் போகச் செய்யும். வெளுக்கும் நாளுக்கு மட்டுமாவது மாநகராட்சித் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ இரண்டு வாளி பிடித்து வைப்பது நல்லது.

இனி மருதாணி. நம் ஊரில் ஆடி மாதம் அம்மியில் அரைத்துக் கையில் வைப்போமே, அதே இலைதான் தலைக்கும். அதிலுள்ள லாசோன் முடியின் புரதத்தோடு நேராகவே பிணைந்துகொள்கிறது. அது கொடுக்கும் நிறம் செம்மை ஒன்றுதான். கறுப்பு மருதாணி என்று ஒரு செடி உலகத்தில் இல்லை. இங்கே 'காலி மெஹந்தி' என்று பாக்கெட்டில் வருவதில் அவுரிப் பொடி இருக்கலாம், பிபிடி இருக்கலாம், சிலவற்றில் உலோக உப்புகளும் இருக்கலாம். அவுரி ஏறிய முடியில் ப்ளீச் போட்டால் கீழிருந்து மஞ்சள் எழும்பும், மேலே நீலம் மிஞ்சி நிற்கும், தலை பச்சையாகும். ரிமூவர் போட்டால் திண்டிவனத் தொட்டிக் கதை, வெளிறி மறுபடி நீலம். உலோக உப்பு ஏறிய முடியில் பெராக்சைடு பட்டால் அதுதான் மோசம். முடி சூடேறி நுரைத்து அறுந்துவிடும்.

என் தங்கை பல வருடம் முன்பு 'இயற்கையானது' என்ற எழுத்தை நம்பி அப்படி ஒரு பாக்கெட்டைக் கரைத்துப் பூசிக்கொண்டாள். மறுநாள் காலை கண் இரண்டும் திறக்க முடியாத வீக்கம். தோல் மருத்துவர் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னார். பின்பக்க மடிப்பில், பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும் எழுத்தில், பிபிடி இருந்தது. அன்றிலிருந்து எந்தப் பாக்கெட்டையும் பின்பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன்.

பிபிடி உள்ள டைகளில் எச்சரிக்கையும், முன்சோதனை செய்யும் முறையும் ஆங்கிலத்திலும் வட்டார மொழிகளிலும் இருக்கவேண்டும் என்று நம் நாட்டின் அழகுப்பொருள் விதிகளே சொல்லியிருக்கின்றன. இமைக்கும் புருவத்துக்கும் போட்டால் பார்வையே போகலாம் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. இத்தனை வருடமாக அந்தத் தாள் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மடிந்து கிடக்கிறது. நாமோ பெட்டியைத் திறந்தவுடன் அதை எடுத்துக் கீழே விரித்து, டை சிந்தாமல் இருக்க அதன்மேல் கிண்ணத்தை வைக்கிறோம். புடவை வாங்கும்போது முந்தானையை வெளிச்சத்தில் பிடித்து இழை பார்க்கிற நாம், தலையில் ஏற்றுகிற ரசாயனத்தின் ஒரு பக்கத் தாளைப் படிப்பதில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. அமோனியா இல்லை என்று பெரிதாக அச்சிட்டால் தீங்கே இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். அமோனியாவுக்குப் பதில் வேறொரு காரம் இருக்கும். பெராக்சைடு அங்கேயேதான் இருக்கும்.

பெராக்சைடைப் பற்றியும் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 1818-இல் தெனார் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டறிந்த திரவம் அது. குப்பியில் 20 வால்யூம் என்று போட்டிருந்தால் ஒரு மில்லி திரவம் 20 மில்லி ஆக்சிஜனை வெளிவிடும் என்று பொருள். செறிவு 6 சதவீதம். 30 என்றால் 9, 40 என்றால் 12. வீட்டில் 20-க்கு மேல் தொடவே வேண்டாம். கிருமி போக்க வீட்டில் வைத்திருக்கும் ப்ளீச்சிங் பவுடரும், கழிவறை கழுவும் திரவமும் முற்றிலும் வேறு பொருள்கள். அவற்றைத் தலைக்கருகே கொண்டுவரக் கூடாது. ப்ளீச்சிங் பவுடர் அமோனியாவோடு சேர்ந்தால் நுரையீரலை எரிக்கும் வாயு கிளம்பும்.

வாசகிக்கு இப்போது நேராகச் சொல்கிறேன். கறுப்பிலிருந்து பழுப்புக்கு வருவது வீட்டில் முடியும். கறுப்பிலிருந்து பொன்னிறத்துக்குப் போவது தேர்ந்த கைக்கு விட வேண்டிய வேலை. இப்போது ஆடி. தைக்கு ஆறு மாதம் இருக்கிறது. அதற்குள் ஆறு சென்டிமீட்டர் புது முடி வளர்ந்துவிடும். அவசரமே இல்லை.

முதலில், நான்கு வருடத்தில் தலையில் என்னென்ன போட்டீர்கள் என்று எழுதுங்கள். ஒரே ஒரு முறை காலி மெஹந்தி போட்டிருந்தாலும் எழுதுங்கள். அடுத்தது, வாங்கிய மருந்தைக் காதின் பின்புறம் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் காத்திருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். பிறகு கலர் ரிமூவர். எல்லாக் கடையிலும் இராது; தேடித்தான் வாங்க வேண்டும். போட்டபின் தாளில் சொன்னதைவிடக் கூடுதலாகவே அலசுங்கள். இரண்டு வாரம் எதுவும் போடாமல் நிறம் திரும்புகிறதா என்று பாருங்கள். கறுப்பு போனதும் முடி ஆரஞ்சு கலந்த பழுப்பில் நிற்கும். கவலை வேண்டாம். இத்தனை டைகளின் பெராக்சைடு அடியிலிருந்த மெலனினை ஏற்கெனவே வெளுத்திருக்கிறது; அதில் மிஞ்சி நிற்பது செம்மைதான். அதன்மேல் மெல்லிய பழுப்பு போட்டால் போதும். பல பேருக்கு ப்ளீச் தேவையே படாது.

தேவைப்பட்டால், புரட்டாசிக்குப் பிறகு ஒரே ஒரு முறை. சன்னலைத் திறந்து வையுங்கள். ப்ளீச் பொடியிலுள்ள பெர்சல்ஃபேட் மூச்சிரைப்பைக் கிளப்பும், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வழிக்கே வர வேண்டாம். உலோகக் கிண்ணம் கூடாது. கலந்ததை மூடி வைக்கக் கூடாது, புட்டி வெடிக்கும். தலைத்தோலின் சூடு வேரைச் சீக்கிரம் வெளுக்க வைக்கும் என்பதால் வேரைத் தொடாமல் கறுத்த பகுதியில் மட்டும் தடவுங்கள். நனைந்த ஒரு முடியை இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல நீண்டு, திரும்பாமல் நின்றால் உடனே கழுவிவிடுங்கள். முதல் நாள் இரவு தேங்காய் எண்ணெய் வைத்திருப்பது நல்லது. கழுவும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதை அது குறைக்கிறது, ப்ளீச் ஆன முடியிலும் குறைக்கிறது என்று மும்பையில் ரெலே, மொஹிலே என்ற இருவர் 2003-இல் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் அந்த எண்ணெயை விற்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் நம் பாட்டிமார் வழக்கம் இந்த ஒரு இடத்தில் சரியாகவே இருந்திருக்கிறது.

நாங்கள் வாடாவைக் காலி செய்த அன்று அதே தச்சர் வந்தார். சுத்தியலையும் திருப்புளியையும் கீழே வைத்துவிட்டு, கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒவ்வொரு மரையையும் விரலால் தொட்டுப் பார்த்தார். ஒன்றில் துரு இருந்தது. அதில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார்.

அதனால் பெட்டி எதையும் திறப்பதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை பின்கழுத்துக்கு மேலே, உள்பக்கமாக, இருபது முடி வெட்டி ஒரு நூலில் கட்டிக்கொள்ளுங்கள். வாங்கிய மருந்தை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் கலந்து அந்தக் கற்றையை மட்டும் அதில் போடுங்கள். சூடேறுகிறதா, நுரைக்கிறதா, பச்சையாகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். அலசிக் காயவைத்து மூன்று நாள் சன்னலோரம் தொங்கவிடுங்கள். உங்கள் தலைக்கு என்ன நடக்கும் என்பதை அந்த இருபது முடி முன்கூட்டியே சொல்லிவிடும்.