திரை திடீரென்று கறுத்துப் போகிறதா? கார்டு வாங்கும் முன் டிரைவரைப் பாருங்கள்!

வேலை பார்த்துக் கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப் போகிறது; ஓரிரு நொடிகளில் திரும்பி வருகிறது. அல்லது ஐகான்கள் எல்லாம் பெரிது பெரிதாகத் தெரிகின்றன. கேம் பாதியில் நின்று விடுகிறது. உடனே கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று முடிவு கட்டி விடாதீர்கள். கோளாறு கார்டில் இல்லாமல், அதை இயக்கும் டிரைவரில் இருக்கலாம். அப்படியானால் செலவில்லாமல் நீங்களே சரி செய்து விடலாம்.

டிரைவர் என்ன செய்கிறது?

விண்டோஸ் தரும் கட்டளைகளைக் கார்டுக்குப் புரியும்படி மாற்றித் தரும் புரோகிராம்தான் டிரைவர். அது இல்லாவிட்டால், 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்ற பொதுவான டிரைவரை விண்டோஸ் பயன்படுத்தும். படம் தெரியும், ஆனால் ரெசல்யூஷன் குறையும், கேம்கள் ஓடாது.

2007இல் கடைகளுக்கு வந்த விஸ்டா முதல், கார்டு 2 நொடிகளுக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸே டிரைவரை மீண்டும் துவக்கும். திரை கறுத்துத் திரும்புவது இதனால்தான். எப்போதாவது வந்தால் கவலை வேண்டாம். அடிக்கடி வந்தால் கவனிக்க வேண்டும்.

கார்டா, டிரைவரா?

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் வரும் கம்பெனி லோகோவையும், பயாஸ் திரையையும் பாருங்கள். அப்போது விண்டோஸ் டிரைவர் இயங்குவதில்லை. அங்கேயே கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால் கோளாறு மானிட்டர், கேபிள், கார்டு இவற்றில் ஒன்றில்தான். முதலில் கேபிளைக் கழற்றி இறுக்கமாகச் செருகுங்கள். பிறகு வேறு கேபிள், வேறு மானிட்டர் என்று மாற்றிப் பாருங்கள்.

அங்கே சரியாக இருந்து, விண்டோஸ் வந்த பிறகு மட்டும் தகராறு என்றால், சேஃப் மோடில் சோதியுங்கள். ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கிளிக் செய்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று சென்று 4 என்ற கீயை அழுத்துங்கள். சில கம்ப்யூட்டர்கள் இதற்கு பிட்லாக்கர் ரெகவரி கீயைக் கேட்கும். அதை முன்கூட்டியே எழுதி வைத்துக் கொள்ளுங்கள். சேஃப் மோடில் திரை ஒழுங்காக இருந்தால் டிரைவர் மீதுதான் சந்தேகம்.

சரி செய்யும் வழி

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' பிரிவை விரியுங்கள். உங்கள் கார்டின் பெயர் தெரியும். அதைக் குறித்துக் கொண்டு, அதன் மீது டபுள் கிளிக் செய்யுங்கள்.

1. அப்டேட்டிற்குப் பின் தொல்லை ஆரம்பித்ததா? 'டிரைவர்' டேபில் 'ரோல் பேக் டிரைவர்' கிளிக் செய்யுங்கள். பழைய டிரைவர் திரும்பி வரும். பட்டன் மங்கலாக இருந்தால் பழையது இல்லை என்று பொருள்.

2. அடுத்த வழி, புதிதாக நிறுவுவது. லேப்டாப் என்றால் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலும், டெஸ்க்டாப் என்றால் இன்டெல், ஏஎம்டி, என்விடியா தளங்களிலும் டிரைவரை முதலில் இறக்கிக் கொள்ளுங்கள். இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்து, 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, டிரைவரையும் நீக்கும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். ஐகான்கள் பெரிதானால் பயப்பட வேண்டாம். ரீஸ்டார்ட் செய்து, இறக்கிய டிரைவரை நிறுவுங்கள்.

எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிப்பதாகச் சொல்லும் இலவச புரோகிராம்களை நம்பாதீர்கள். தவறான டிரைவரும், சில நேரம் வைரஸும் சேர்ந்து வரும்.

இன்னும் சரியாகவில்லையா?

கேம் ஓடும்போது மட்டும் தகராறு வந்தால், ஃபேன் சுற்றுகிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய டிரைவர் போட்ட பிறகும் 'ஜெனரல்' டேபில் 'கோட் 43' என்று வந்தால், கார்டே பழுதாகியிருக்கலாம். அதை வேறொரு கம்ப்யூட்டரில் பொருத்திச் சோதியுங்கள். வாரண்டி இருந்தால் நீங்கள் எதையும் கழற்றாமல் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள்.