ஒன்பது ஸ்டோன் தங்கம்

1938 பெப்ரவரியில் சிட்னியில் நடந்த எம்பயர் விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதல் தங்கத்தை வென்று கொடுத்தவர் பார்னி ஹென்றிகஸ். குத்துச்சண்டையில் ஊறிய பறங்கியர் குடும்பத்துப் பிள்ளை. அவர் நின்ற பெதர்வெயிட் பிரிவின் உச்ச எடை ஒன்பது ஸ்டோன், அதாவது 126 இறாத்தல். இன்றைய கணக்கில் 57 கிலோவும் கொஞ்சமும். அந்தப் போட்டி பொதுநலவாய விளையாட்டுப் போட்டியாகப் பெயர் மாறிய பின், 2010இல் டெல்லியில் மஞ்சு வன்னியாராச்சி பாண்டம்வெயிட்டில் ஜெயித்தார். 72 வருடத்துக்குப் பிறகு வந்த குத்துச்சண்டைத் தங்கம் அது. நண்ட்ரலோன் ஊக்கமருந்து சோதனையில் தெரியவந்ததும் பதக்கம் பறிக்கப்பட்டு வேல்ஸ் வீரருக்குப் போய்விட்டது. அந்த வேதனையை விடுங்கள். இங்கே பார்க்க வேண்டியது எடையை.

பிரிவின் பெயரை மட்டும் பார்த்தால் ஹென்றிகஸ் ஒரு படி பாரமானவர். ஆனால் அவர் காலத்துப் பாண்டம்வெயிட் 118 இறாத்தல், 53.5 கிலோ. 2010இல் அமெச்சூர் குத்துச்சண்டையின் சர்வதேசச் சங்கம் ஆண்களுக்கான பெதர்வெயிட்டை நீக்கிவிட்டு, பாண்டம்வெயிட்டை 56 கிலோவுக்கு ஏற்றியது. ஆக, இரண்டு பெயரில் நின்ற இருவரின் எல்லைக்கும் இடையே ஒரு கிலோ சொச்சம்தான் வித்தியாசம். பழைய பதக்கப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் காலத்து உடம்பையும் இந்தக் காலத்து உடம்பையும் ஒப்பிடக் கிளம்புகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

உடம்பு வளர்ந்த கதை ஒழுங்காகத் தெரிவது ஹெவிவெயிட்டில் மட்டும்தான். அங்கே மேல் வரம்பே கிடையாது. 1897இல் உலகப் பட்டம் வென்ற பொப் பிட்ஸிமன்ஸ் 167 இறாத்தல், 76 கிலோகூட இல்லை. தோல்வியே காணாமல் 1956இல் ஓய்வுபெற்ற ரொக்கி மார்சியானோ சுமார் 85 கிலோ. இன்றைக்கு இருந்தால் அவரை ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள குரூஸர்வெயிட்டில் போடுவார்கள். 1974இல் கின்ஷாசாவில் போர்மனை வீழ்த்திய முகமது அலி 98 கிலோ. 2024 மே மாதம் உசிக்குடனான சண்டைக்காக டைசன் பியூரி தராசில் ஏறியபோது ஏறத்தாழ 119 கிலோ.

அலியா பியூரியா என்று வரக்காப்பொல தேநீர்க் கடையில் வாதம் கிளம்பினால், இந்த எண்களைச் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த மே மாதச் சண்டையில் ஜெயித்தவர் 17 கிலோ குறைந்த உசிக். 1919இல் டெம்ப்ஸி தன்னைவிட 26 கிலோ கூடிய வில்லார்டை நொறுக்கினார். 2009இல் ஏழடி உயர வலுயெவிடமிருந்து டேவிட் ஹே பட்டத்தைப் பறித்தபோது வித்தியாசம் 45 கிலோ! பெரிய உடம்பு ஒரு வசதி, அவ்வளவுதான்.

கீழ்ப் பிரிவுகளில் கணக்கு இன்னும் சிக்கல். முன்பு சண்டை நடக்கும் அன்றே நிறுத்துப் பார்ப்பார்கள். 1980களில் தொழில்முறைச் சண்டைகளுக்கு முதல் நாளே நிறுக்கும் வழக்கம் பரவியது. வியர்வையில் நீரை வற்றவைத்துத் தராசில் ஏறி, இரவு முழுக்கக் குடித்தும் சாப்பிட்டும் மறுநாள் வேறு ஆளாக வருவது அதிலிருந்து ஒரு கலையாகிவிட்டது. 2000 பெப்ரவரியில் கமாஷுடன் மோதிய ஆர்துரோ கட்டி, முதல் நாள் 141 இறாத்தல் காட்டி, சண்டை நேரத்தில் 160 இறாத்தலுடன் வந்து நின்றார். கமாஷ் 145. இரண்டாம் சுற்றிலேயே கதை முடிந்தது. நம் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் பால் எடுக்கும்போது தண்ணீர் எவ்வளவு, இறப்பர் எவ்வளவு என்று கருவியை மிதக்கவிட்டுப் பார்க்கிறார்கள். குத்துச்சண்டை வளையத்துக்குள் ஏறும் மனிதனுக்கும் அப்படியொரு கருவி வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒலிம்பிக் பரவாயில்லை, அங்கே சண்டை நாளின் காலையிலேயே நிறுவை.

இனி நம் உடம்புக்கு வருவோம். 2018இல் கோல்ட் கோஸ்டில் நடந்த பொதுநலவாயப் போட்டியில் இலங்கைக்குக் குத்துச்சண்டையில் மூன்று வெண்கலம். திவங்க ரணசிங்க 49 கிலோ, இஷான் பண்டார 52, அனுஷா கொடித்துவக்கு 48. மூன்றும் தராசின் அடித்தட்டு. அரையிறுதியில் அனுஷாவைத் தோற்கடித்த இந்தியாவின் மேரி கோமும் இயல்பில் சிறிய உடம்புக்காரர்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதல்முறை இடம் கொடுத்தபோது ஆகக் குறைந்த பிரிவே 51 கிலோ. மேரி கோம் உடம்பை ஏற்றிக்கொண்டு போய் வெண்கலம் எடுத்தார்.

தோட்டப்புறத்தில் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17 வீதம். லயத்தில் பிறக்கும் பிள்ளை எந்த எடைப் பிரிவில் நிற்கும் என்பது பாதி அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. ஹெவிவெயிட் வளர்ந்ததை விஞ்ஞானம், பயிற்சி என்று புகழ்பவர்கள், வளரவிடப்படாத உடம்புகளையும் காலத்தின் கணக்கில் எழுத வேண்டும்.

இதற்கிடையில் ஒலிம்பிக் குழு ஆண்களின் பிரிவுகளைக் குறைத்துக்கொண்டே வந்தது: ரியோவில் பத்து, டோக்கியோவில் எட்டு, பரிஸில் ஏழு. பெண்களுக்கு இடம் கூட்ட அது தேவைப்பட்டது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வெட்டியதில் ஒன்று 49 கிலோ. பரிஸில் ஆண்களின் ஆகக் குறைந்த பிரிவு 51. ரணசிங்கவின் எடையில் இருந்த ஒரு பையன் அங்கே போக நினைத்திருந்தால் இரண்டு கிலோ ஏற்றிக்கொண்டு, எடையைக் குறைத்து மேலிருந்து இறங்கி வந்தவர்களின் முன்னால் போய் நின்றிருக்க வேண்டும்.