கடனுக்கு அஞ்சி உறவினர் பெயரில் சொத்து எழுதிவைத்தல்

கடன் முற்றிய குடியானவர்கள் கையாளும் உபாயம் ஒன்று நம் கிராமங்களில் வெகுகாலமாக வழங்கிவருகிறது. புரோநோட்டு வாங்கியவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பப் போகிறார் என்ற செய்தி காதில் விழுந்தவுடனே, கடன்பட்டவர் ஸப்-ரிஜிஸ்திரார் கச்சேரிக்குச் சென்று, நன்செய் புன்செய் யாவற்றையும் மைத்துனர் பெயருக்கோ மாமனார் பெயருக்கோ கிரயமாகவும், மனைவி பெயருக்குத் தான செட்டில்மெண்டாகவும் எழுதிப் பதிவு செய்துவிடுகிறார். மறுநாள் வயலில் யாதொரு மாறுதலும் காணப்படுவதில்லை. ஏர் ஓட்டுகிறவரும் அவரே. களத்து நெல்லை வீட்டுக்குக் கொண்டுபோகிறவரும் அவரே. பத்திரத்தில் மட்டும் பெயர் வேறு. எழுத்தும் முத்திரையும் பதிவும் இருக்கும்போது கடன்காரர் என்ன செய்துவிட முடியும் என்பது அவருடைய துணிபு. இத்துணிபால் காப்பாற்றப்பட்ட நிலங்களைக் காட்டிலும் இதனால் கைநழுவிப் போன நிலங்களே அதிகம் என்று சொல்வது மிகையாகாது.

1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 53ஆவது பிரிவு இவ்விஷயத்தைப் பற்றியதே. அது 1929ஆம் வருஷத்தில் திருத்தி விரிவாக எழுதப்பட்டது. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றவேனும் அவர்களுக்குச் சேரவேண்டியதைத் தாமதப்படுத்தவேனும் கருதிச் செய்யப்பட்ட ஸ்தாவர சொத்து மாற்றம் எதுவாயினும், அவ்வாறு ஏமாற்றப்பட்ட கடன்காரர் விரும்பினால் அதனைத் தள்ளுபடி செய்வித்துக்கொள்ளலாம் என்பது அப்பிரிவின் சாரம். இதற்காக வழக்குத் தொடுப்பவர் தமக்கு மாத்திரமன்றி ஏனைய கடன்காரர் அனைவருக்குமாகவே தொடுத்தல் வேண்டும். உண்மையான விலை கொடுத்து, உள்நோக்கம் ஒன்றும் அறியாமல், நல்லெண்ணத்துடன் வாங்கியவருடைய உரிமைக்கு மட்டும் இதனால் பங்கமில்லை. ஆகவே, பதிவு செய்த பத்திரம் அசையாது என்பது வெறும் நம்பிக்கையே. பதிவு என்பது இன்ன தேதியில் இன்னார் இன்னாருக்கு எழுதிக்கொடுத்தார் என்பதற்கு அத்தாட்சியேயன்றி, எழுதியவருடைய மனத்திலிருந்த எண்ணத்துக்கு அத்தாட்சி அன்று.

மனத்திலிருந்த எண்ணத்தைக் கோர்ட்டார் எவ்வாறு கண்டுபிடிப்பர் என்று கேட்கலாம். இதற்கு விடை சொன்ன வழக்கு, நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஆடு வளர்த்த ஒருவரைப் பற்றியது. அத்தேசத்தில் இத்தகைய மோசடி மாற்றங்களை விலக்க 1571ஆம் வருஷத்திலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. பியர்ஸ் என்பவர் டுவைன் என்பவருக்கு 400 பவுனும், வேறொருவருக்கு 200 பவுனும் கடன்பட்டிருந்தார். 200 பவுனுக்கு உரியவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, பியர்ஸ் தம்முடைய ஆடுமாடு தட்டுமுட்டுகள் யாவற்றையும் டுவைனுக்கு இரகசியமாக எழுதிவைத்தார். அவற்றின் மதிப்பு 300 பவுன். எழுதிவைத்த பிறகும் ஆடுகள் அவர் வசமே இருந்தன. சிலவற்றை விற்றார், சிலவற்றுக்கு உரோமம் கத்தரித்தார், தம் அடையாளத்தையே அவற்றின்மேல் குறியிட்டார். தீர்ப்பான பின்பு ஜப்தி செய்ய ஷெரீப் வந்தபோது, அவை டுவைனுடைய ஆடுகள் என்று சொல்லி அவருடைய ஆட்கள் பலாத்காரமாகத் தடுத்தனர். ஸ்டார் சேம்பர் என்ற மன்றத்தில் விசாரணை நடந்தது.

அம்மாற்றம் மோசடியானது என்று மன்றத்தார் முடிவு செய்தபோது எடுத்துக்காட்டிய அறிகுறிகள் இன்றளவும் வழக்கு மன்றங்களில் எண்ணிப் பார்க்கப்படுகின்றன. உடுத்த துணியைக்கூட ஒதுக்காமல் சகலத்தையும் எழுதிவைத்தது முதலாவது. எழுதிக்கொடுத்தவரே தொடர்ந்து அனுபவித்துவந்தது இரண்டாவது. காரியம் இரகசியமாக நடந்ததும், வழக்கு நிலுவையில் இருக்கையில் நடந்ததும், இருவருக்குள்ளும் ஓர் உள் ஏற்பாடு இருந்ததும் பிறவாம். இவற்றுள் மிகவும் ரஸமானது கடைசி அறிகுறி. இது நேர்மையாகவும் உண்மையாகவும் நல்லெண்ணத்துடனும் செய்யப்பட்டது என்று அப்பத்திரத்திலேயே எழுதியிருந்தார்களாம். வழக்கத்தில் இல்லாத வாசகம் எப்பொழுதும் சந்தேகத்தையே விளைவிக்கும் என்று மன்றத்தார் கருதினர். நம் பத்திர எழுத்தர்களில் சிலர் குடும்பச் செலவு, கலியாணச் செலவு, யாதொரு கடனையும் ஏமாற்றும் பொருட்டன்று என்றெல்லாம் வரிவரியாக அடுக்குவதைக் காணும்போது இந்த ஆட்டு வழக்கு நினைவுக்கு வராமல் போகாது.

நம் நாட்டுக் கோர்ட்டுகளில் கேட்கப்படும் கேள்விகளும் இவ்வகையினவே. விலைத்தொகை ஸப்-ரிஜிஸ்திரார் முன்னிலையில் கொடுக்கப்பட்டதா, அல்லது முன்னமே ரொக்கமாகப் பற்றிக்கொண்டதாக எழுதப்பட்டதா? வாங்கிய மைத்துனருக்கு அத்தனை பணம் எங்கிருந்து வந்தது? கிரயத்துக்குப் பின் கிஸ்தி கட்டியவர் யார்? அடங்கலில் சாகுபடிதாரர் யார் என்று எழுதியிருக்கிறது? பழைய மூலப்பத்திரங்கள் யார் பெட்டியில் இருக்கின்றன? உறவினருக்கு எழுதினதே குற்றம் என்று ஒருவரும் சொல்லார். உறவோடு இந்தக் கேள்விகளுக்கு நேரான விடையின்மையும் சேரும்போதுதான் பத்திரம் தள்ளாடத் தொடங்குகிறது.

பெயரளவில் மாத்திரம் எழுதப்பட்ட பத்திரம் வேறு. உண்மையாகவே உரிமையை மாற்றி, ஆனால் கடன்காரரை ஏமாற்றும் எண்ணத்துடன் எழுதப்பட்ட பத்திரம் வேறு. முன்னதில் சொத்து கைமாறவே இல்லை. ஆகையால் அதனைக் கடன்பட்டவருடைய சொத்தாகவே பாவித்து ஜப்தி செய்யலாம். பின்னதில் சொத்து கைமாறிவிட்டது; கடன்காரர் ஆட்சேபித்தால்தான் அது தள்ளுபடியாகும். ஜப்தியின்போது உறவினர் தம்முடையதென்று உரிமை மனு கொடுப்பது வழக்கம். முன்னெல்லாம் அம்மனுவின்மேல் சுருக்கமான விசாரணையே நடக்கும். தோற்றவர் ஒரு வருஷத்துக்குள் தனி வழக்குத் தொடுக்க வேண்டும். 1976ஆம் வருஷத் திருத்தத்தின்படி, உரிமை யாருடையது என்பதை டிக்ரியை நிறைவேற்றும் கோர்ட்டாரே முற்றும் விசாரித்து முடிவு செய்கின்றனர். அம்முடிவு டிக்ரிக்குச் சமமாகும். இதனால் கடன்பட்டவருக்குக் கிடைத்துவந்த கால அவகாசமும் குறைந்துவிட்டது. சொத்தை விற்றுவிடுவார் என்ற அச்சமிருந்தால், தீர்ப்புக்கு முன்னமே ஜப்தி கோருவதற்கும் 1908ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது.

ஒருவருக்கு உண்மையாகவே கொடுக்கவேண்டிய கடனுக்கு ஈடாக அவருக்கு நிலத்தைக் கிரயம் செய்தால், மற்றக் கடன்காரர் ஒன்றும் கிடைக்காமல் நின்றாலும், அது மட்டும் மோசடி ஆகாது என்று 1915ஆம் வருஷத்தில் பிரிவி கவுன்ஸிலார் தீர்ப்பளித்தனர். பலர் பாக்கியிருக்கையில் ஒருவருக்கு முதலில் தீர்ப்பதைச் சட்டம் தடுப்பதில்லை. விற்றவர் அதில் தமக்கென்று இரகசியமாக ஒரு பலனை நிறுத்திக்கொள்ளாதிருத்தல் வேண்டும்.

கடன்காரர் கேளாமலே சும்மா இருந்துவிட்டார் என்று வைத்துக்கொண்டாலும் அபாயம் நீங்கிவிடாது. அப்பொழுதுதான் உறவினரிடமிருந்து அது தொடங்குகிறது. மைத்துனர் நல்லவராகவே இருக்கலாம். அவர் இறந்தபின் அவருடைய பிள்ளைகள் பட்டாவையும் பத்திரத்தையும் பார்ப்பார்களேயன்றி, திண்ணையில் பேசிக்கொண்ட வாய்ச்சொல்லைப் பாரார். அவருக்கே கடன் நேர்ந்தால் அவருடைய கடன்காரர் அந்நிலத்தை ஜப்தி செய்வார். தம் நிலத்தைத் திரும்பக் கேட்டுக் கோர்ட்டுக்குச் செல்பவர், தாம் பிறரை ஏமாற்றவே அவ்வாறு எழுதிவைத்ததாகத் தம் வாயாலேயே சொல்லவேண்டி வரும். கீழ்ப் பருமாவிலிருந்து பிரிவி கவுன்ஸில்வரை சென்று 1908ஆம் வருஷத்தில் முடிவான ஒரு வழக்கில், கருதிய மோசடி நிறைவேறாமலே போய்விட்டபடியால் எழுதிக்கொடுத்தவர் சொத்தைத் திரும்பப் பெறலாம் என்று தீர்மானிக்கப்பட்டது. மோசடி பலித்துவிட்டால் அந்த வழியும் அடைபடும். அதாவது, உபாயம் தோற்றால் நிலம் கடன்காரருக்கு, பலித்தால் மைத்துனருக்கு.

தம் பணத்தைக் கொடுத்துப் பிறர் பெயரில் நிலம் வாங்கிவைப்பவர்களுடைய நிலைமை இன்னும் கடினமாயிற்று. 1988ஆம் வருஷத்துப் பினாமித் தடைச் சட்டம், அவ்வாறு வாங்கிய சொத்து தம்முடையதென்று உண்மையான சொந்தக்காரர் வழக்காடுவதையே தடுத்துவிட்டது. 2016ஆம் வருஷத் திருத்தம் அத்தகைய சொத்தைச் சர்க்கார் பறிமுதல் செய்வதற்கு விரிவான ஏற்பாடுகளை வகுத்தது. கணக்குக் காட்டக்கூடிய வருமானத்தால் மனைவி மக்கள் பெயரில் வாங்குவதற்கு விலக்கு உண்டு. மைத்துனருக்கும் மாமனாருக்கும் அவ்விலக்கு இல்லை.

பிள்ளைகளோடு அவசரமாகப் பாகப்பிரிவினை செய்துகொள்வது மற்றொரு வழி. பிரிவினைக்கு முன் தகப்பனார் பட்ட கடன் தகாத வழியில் பட்டதாயிராவிட்டால், பழைய இந்து தர்மப்படி அது பிரிந்துபோன பிள்ளைகளுடைய பங்கையும் தொடர்ந்தது. கடனைத் தீர்க்க வழி ஏற்படுத்தாத பிரிவினை கடன்காரரைத் தடுப்பதில்லை. பிள்ளைகளுக்கிருந்த இந்தத் தர்மப் பொறுப்பை 2005ஆம் வருஷத்து இந்து வாரிசுத் திருத்தச் சட்டம், அதன்பின் ஏற்படும் கடன்கள் மட்டில், நீக்கிவிட்டது. எனினும் ஏமாற்றும் எண்ணத்துடன் செய்த பிரிவினையை ஆட்சேபிக்கக் கடன்காரருக்கு இதனால் தடையில்லை. மனைவியின் சீதன நகையும் அவளுடைய சொந்தச் சொத்தும் கணவனுடைய கடனுக்கு என்றும் பொறுப்பாவதில்லை. அவற்றைக் காப்பதற்குப் பத்திரமே வேண்டியதில்லை.

1920ஆம் வருஷத்து மாகாண இன்ஸால்வென்ஸிச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. கடன்காரரை ஏமாற்றும் மாற்றம் எழுதுவதே ஒருவரை இன்ஸால்வென்ட் என்று அறிவிக்கும்படி மனுச் செய்யக் காரணமாகும். விலையின்றியோ நல்லெண்ணமின்றியோ செய்த மாற்றம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனுக் கொடுக்கப்பட்டு அவர் இன்ஸால்வென்ட் ஆனால், ரிஸீவர் அதனை ரத்துச் செய்விக்கலாம். கடன்காரருக்குப் பங்கிடப்படாதவாறு சொத்தை மோசமாக மறைப்பதற்கு 1860ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம் இரண்டு வருஷம்வரை சிறைத்தண்டனை விதித்திருந்தது. 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக வந்த சட்டத்திலும் இக்குற்றம் இடம்பெற்றிருக்கிறது.

இந்த உபாயம் நன்மையைக் கெடுத்ததற்கு 1938ஆம் வருஷத்துச் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமே சாட்சி. 1932 அக்டோபர் 1ஆம் தேதிக்கு முன் பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1ஆம் தேதியில் நின்ற வட்டிப் பாக்கி முழுவதையும் அச்சட்டம் தள்ளிவிட்டது. அசலைப்போல் இரண்டு பங்கு ஏற்கெனவே செலுத்தியவருக்குக் கடனே தீர்ந்ததாயிற்று. ஆனால் இது விவசாயிக்கே உரிய சலுகை. நிலத்தில் விற்கத்தக்க உரிமையோ குத்தகை முதலிய பாத்தியமோ உடையவரே அச்சட்டத்தின்படி விவசாயி. நிலமனைத்தையும் உறவினருக்கு எழுதிவிட்டு ஒன்றுமில்லாதவராக நின்றவர், தாம் எழுதிய பத்திரம் பொய்யென்று தாமே சொன்னாலன்றி அச்சலுகையைக் கோர இயலவில்லை.

பயமும் பல சமயங்களில் அளவுக்கு மிஞ்சியது. குடியானவருடைய உழவுக் கருவிகளும், பிழைப்புக்கு வேண்டிய மாடுகளும், விதை நெல்லும், சமையல் பாத்திரங்களும் படுக்கையும், அவர் வசிக்கும் வீடும் சாதாரண டிக்ரிக்காக ஜப்தி செய்யப்படலாகாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு விதித்திருக்கிறது. அடமானம் வைத்த வீட்டுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு உதவாது.

கடனைத் தீர்க்கும் பொருட்டு உறவினருக்கே நிலத்தை விற்க நேர்ந்தால், வேண்டிய அளவு நிலத்தை மட்டும் ஊர் விலைக்கு விற்பது நலம். தொகையைப் பாங்கி மூலமாகக் கடன்காரருக்கே நேரே செலுத்தி, புரோநோட்டின் பின்புறத்தில் வரவு எழுதச் செய்து, தீர்ந்த நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். சுவாதீனத்தை அன்றே ஒப்புவித்து, பட்டா மாற்றத்துக்கும் உடனே மனுக் கொடுத்து, அடுத்த கிஸ்தியை வாங்கியவரே தம் பெயரில் கட்டி ரசீது பெறுவது அவசியம்.