எரிமலை இல்லாத நாட்டில் வெந்நீர்

ஐஸ்லாந்து, நியூசிலாந்துப் பக்கம் போகிறவர்கள் படுக்கையும் அடுப்பும் பூட்டிய வானில் எரிமலைப் பிரதேசத்தைச் சுற்றி, வழிநெடுக வெந்நீரூற்றுகளில் குளித்து வருவார்கள். கண்டிக்காரருக்கும் அந்த வாய்ப்பு உண்டு. வான் இருந்தால் போதும், எரிமலை வேண்டாம்.

மகியங்கனை வீதியில் முதலில் திகன வரும். 2020இல் அந்தப் பக்கம் நிலம் சில முறை லேசாக நடுங்கியது. அதை வைத்து எரிமலைக் கதை கட்ட வேண்டியதில்லை. ஹுன்னஸ்கிரிய கடந்தால் பதினெட்டு வளைவு. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டினால் லைனர் சூடேறிக் கருகல் மணம் வரும், அதன்பின் மிதித்தாலும் சரியாகப் பிடிக்காது. சின்ன கியரில் விட்டு, எஞ்சினே இழுத்துப் பிடிக்க இறங்குவதுதான் முறை. கீழே போனதும் வெக்கை முகத்தில் அடிக்கும். பிறகு பதியத்தலாவை, அடுத்து வெந்நீரூற்றுகள் உள்ள மகாஓயா.

கண்டி நிற்பது உயர்நிலத் தொகுதி எனப்படும் பழம்பாறையில். கிழக்கே இருப்பது விஜயன் தொகுதி. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதியபோது இரண்டும் ஒட்டிக்கொண்டன. மகாஓயா, திருகோணமலைக் கன்னியா, தெற்கே மகாபெலஸ்ஸ என்று நம் வெந்நீரூற்றுகள் பலவும் ஏறக்குறைய அந்த எல்லையை ஒட்டியே வருகின்றன.

சூடு எங்கிருந்து? பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் பொதுவாக 25 முதல் 30 பாகை செல்சியஸ் கூடும். மேலே 27 பாகை என்றால், மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் 100ஐத் தாண்டிவிடும். மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே மெல்ல மெல்ல, பல காலம் எடுத்து அங்கே இறங்குகிறது. அழுத்தம் அதிகமானதால் கொதிக்காது. சூடேறி இலேசாகி, வேறொரு வெடிப்பில் மேலேறுகிறது. வருகிற நீரில் கரைந்துள்ள சிலிக்காவை அளந்து, அது கீழே எவ்வளவு சூட்டில் இருந்தது என்று ஆய்வாளர்கள் கணிப்பார்கள். பாறை சூடாக இருந்தால் நீரில் சிலிக்கா கூடுதலாகக் கரையும்.

மேலே வரும் வழியில் குளிர்ந்த நிலத்தடி நீரும் சேர்ந்துகொள்ளும். எவ்வளவு சேர்கிறது என்பது ஒவ்வொரு வெடிப்புக்கும் வேறு. இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியதாகச் சொல்லப்படும் கன்னியாவின் ஏழு கிணறுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒன்றின் சூடு மற்றதில் இல்லாததற்கு இதைக் காரணமாகச் சொல்லலாம். கன்னியாவில் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்ளலாம். மகாஓயாவிலோ சில கிணறுகள் 50 பாகைக்கும் மேல். அந்தச் சூட்டில் தோல் வெந்துவிடும். பச்சைத் தண்ணீர் கலந்தே குளிக்க வேண்டும்.