வேகமான இண்டர்நெட் இருந்தும் கேம் தடுமாறுவது ஏன்?

“100 எம்பிபிஎஸ் இணைப்பு வாங்கியும் வலோரண்ட் விளையாடும்போது லேக் ஆகிறதே?” ஓசூர், கிருஷ்ணகிரி நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இன்னும் பெரிய பிளானுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எம்பிபிஎஸ் என்பது சாலையின் அகலம். பிங் என்பது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம். சாலையை அகலமாக்கினால் ஊர் பக்கத்தில் வந்துவிடாது. ஃபைபர் கேபிளில் ஒளி 1 மில்லி செகண்டில் சுமார் 200 கி.மீ. தான் போகும். சிங்கப்பூர் இங்கிருந்து 3,000 கி.மீ.க்கு மேல். போய்வர 30 மில்லி செகண்டாவது ஆகியே தீரும். எனவே சர்வர் பட்டியலில் மும்பையைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு வேடிக்கை. ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கி.மீ. தான். ஆனால் நாம் இருப்பது தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டம். அதனால் உங்கள் தகவல் சென்னைக்குப் போய்ச் சுற்றிக்கொண்டும் செல்லலாம். ட்ரேஸ்ரூட் கட்டளை கொடுத்தால் எந்த வழியாகப் போகிறது என்பது ஓரளவு தெரியும். வழி சுற்று என்றால் பிளானை அல்ல, நிறுவனத்தை மாற்றுவதுதான் பலன் தரும்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தடுமாறினால் கோளாறு சர்வரில். வலோரண்ட் சர்வர் ஒரு செகண்டுக்கு 128 முறை ஆட்ட நிலையைக் கணக்கிட வேண்டும். அது பிந்தினால் நாம் செய்ய ஒன்றுமில்லை. உங்களுக்கு மட்டும் பிங் ஏறி இறங்குகிறதா? வைஃபையை விட்டு லேன் கேபிளைச் செருகுங்கள். வீட்டில் யாராவது வீடியோ அப்லோடு செய்கிறார்களா என்றும் பாருங்கள். நான் பார்த்தவரை பாதிப் புகார்கள் இதிலேயே தீர்ந்துவிடுகின்றன.