விரைவு யாருக்குக் கட்டுப்படியாகிறது?

"அனுப்பியாச்சா?"

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலையை இணையவழி விற்கும் தோழி ஒருவருக்கு, வருகிற கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கொடுக்கும் வேலையை இரண்டு வருஷமாகச் செய்துவருகிறேன். சாயம் நிற்குமா, நூல் என்ன நம்பர், எந்தத் தெருவில் நெய்தது என்று கேட்பவர்கள் குறைவு. பணம் கட்டிய அரைமணி நேரத்தில் தொடங்கி, நாளுக்கு இரண்டு தடவையாவது வந்து நிற்பது இந்த ஒற்றைக் கேள்விதான். இதை நுகர்வு வெறி என்று ஒதுக்கிவிடுவது நம் வட்டாரத்தில் சுலபமான காரியம். நான் அதற்குத் தயாராயில்லை. கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

ஆர்டர் கொடுத்ததிலிருந்து பொட்டலம் கைக்கு வருகிறவரை ஆகும் நேரம் ஒரே நேரமாகப் பேசப்படுகிறது. உண்மையில் அது இரண்டு துண்டு. பணம் வந்ததைச் சரிபார்த்தல், சரக்கு இருக்கிறதா என்று பார்த்தல், எடுத்து மடித்துக் கட்டுதல், பில் போட்டு விலாசம் ஒட்டுதல், கூரியர்காரரிடம் ஒப்படைத்தல் என்பதெல்லாம் விற்கிறவர் கையில் இருக்கும் நேரம். அதற்கப்புறம் லாரியில் ஓடுகிற நேரம். வாங்குகிறவர்களின் கோபம் பெரும்பாலும் முதல் துண்டின்மீதுதான் வருகிறது என்பது என் அனுபவம். பொட்டலம் திருச்சியைத் தாண்டிவிட்டது என்று தெரிந்துவிட்டால் ஒருநாள் பிந்தினாலும் பேசாமல் இருக்கிறார்கள். 'ஆர்டர் ஏற்கப்பட்டது' என்ற வரி மூன்று நாளாக அப்படியே நின்றால் பொறுப்பதில்லை. இத்தனைக்கும் இரண்டு இடத்திலும் போவது அதே நாள்கள்தான்.

இதற்கு விளக்கம் உண்டு. 1980இல் ரிச்சர்ட் ஆலிவர் என்ற அமெரிக்கச் சந்தையியல் ஆய்வாளர், திருப்தி என்பது கிடைத்த பொருளை மட்டும் பொறுத்ததல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியில் பிறப்பது என்று ஒரு மாதிரியை முன்வைத்தார். இரண்டு நாள் என்று சொல்லி மூன்றாம் நாள் கொடுத்தால் ஆத்திரம். ஏழு நாள் என்று சொல்லி ஐந்தாம் நாள் கொடுத்தால் சந்தோஷம். டேவிட் மைஸ்டர் 1985இல் வரிசையில் நிற்கிறவர்களின் மனநிலை குறித்து எழுதியது இன்னும் நெருக்கமானது: எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும், காரணம் சொல்லப்படாத காத்திருப்பு, சொல்லப்பட்டதைவிட நீளமாகத் தோன்றும். 2011இல் ரயன் பியூல், மைக்கேல் நார்ட்டன் இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். நமக்காக நடக்கிற வேலை திரையில் தெரிந்தால், காத்திருந்து பெற்ற சேவையை உடனே கிடைத்ததைக் காட்டிலும் உயர்வாக மதிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆக, வாங்குகிறவர் கேட்பது வேகத்தை என்பதைவிடத் தகவலை எனலாம்.

அப்படியென்றால் 'வேகமே திருப்தி' என்ற சொல்லாடல் எங்கிருந்து வந்தது? எதிர்பார்ப்பு தானாக முளைப்பதில்லை. அமேசான் தன் பிரைம் திட்டத்தை அமெரிக்காவில் 2005இலும் இந்தியாவில் 2016இலும் கொண்டுவந்தது. இரண்டு நாள், ஒருநாள், அன்றைக்கே என்று வாக்குறுதியின் கெடு சுருங்கச் சுருங்க, பழைய கெடுவில் கொடுப்பவர் எல்லோரும் மெத்தனக்காரர் ஆகிப்போனார்கள். எதிர்பார்ப்பை உற்பத்தி செய்கிற இடம் ஒன்று, அதை நிறைவேற்றித் தொலைக்கவேண்டிய இடம் வேறு.

இந்த இடத்தில் காத்திருத்தலைப் புனிதமாக்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. பொறுமை என்ற சொல்லை நம் மரபு யாரிடம் எதிர்பார்த்தது? பிறரைக் காக்க வைப்பது அதிகாரத்தின் ஒரு வடிவம் என்று பூர்தியூ விளக்கியிருக்கிறார். அதற்குச் சாட்சி தேடி பாரிசுக்குப் போகவேண்டாம். செட்டிநாட்டு வீடுகளின் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, பின்கட்டு என்ற வரிசையே யார் எதுவரை வரலாம், யார் எங்கே நிற்கவேண்டும் என்பதன் வரைபடந்தான். பின்வாசலில் கூலிக்காக நின்றவரின் பேரனுக்கு, கடைக்காரன் முகத்தைப் பார்க்காமல் தன் பெயருக்கு ஒரு ஆர்டர் எண் விழுவது சின்ன விஷயமாக இருக்கமுடியாது. கேட்டதும் கொடுக்கிறான், யாரென்று கேட்காமல் கொடுக்கிறான் என்பதிலுள்ள திருப்தியை எந்த நட்சத்திரக் குறியீடும் அளப்பதில்லை. ஆனால் விலாசம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. "காலனியா? மெயின் ரோட்டுக்கு வந்து வாங்கிக்குங்க தம்பி" என்று பொட்டலம் கொண்டுவருகிறவர் போனில் சொன்னதாக நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வேகம் எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி வந்துசேர்வதில்லை.

தூரத்துச் சரக்கை ஆர்டர் கொடுத்து வாங்குவது இந்த மண்ணுக்குப் புதிதுமில்லை. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் டைல்ஸ், ஸ்வீடன் எனாமல் பாத்திரம் என்று கானாடுகாத்தான் வீடுகளில் இன்றைக்கும் நிற்பவை கப்பலில் வந்த ஆர்டர்கள்தாம். 'கொண்டுவிற்க'ப் போன இடங்களில் எல்லாம் இவர்களுக்குக் கடையும் ஆளும் இருந்தார்கள். மூன்று வருஷக் கணக்குக்குப் போன ஏஜெண்டின் கடிதமே அன்றைய 'நிலவரம்'. சரக்கு எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு சொந்தக்காரர், ஒரே கோவில் பங்காளி இருந்தார். நம்பிக்கை சாதிக்குள்ளும் உறவுக்குள்ளும் புழங்கியது. வெளி ஆளுக்கு அந்த வசதி கிடையாது.

வெளி ஆள்களுக்கிடையே நம்பிக்கையை உண்டாக்கியது தபால் இலாகா. 1877இல் இந்தியாவில் வந்த வி.பி.பி. முறையை நம் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. புத்தகம் வாங்கியும் விற்றும், திரும்பிவந்த வி.பி.பி. கட்டுகளுக்குத் தண்டம் கட்டியும் பழகியவர்கள் நாம். பொருள் கைக்கு வந்தால் பணம். ஃபிளிப்கார்ட் 2010இல் 'பொருள் கண்டபின் பணம்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்ததும் இந்திய இணைய வணிகம் ஏன் விரிந்தது என்பதற்கான விடை இதிலிருக்கிறது. முன்கூட்டிப் பணம் கட்டியவருக்குத் தாமதம் என்பது வெறும் தாமதமில்லை, ஏமாந்துவிட்டோமோ என்ற பயம். "அனுப்பியாச்சா?" என்ற கேள்வியில் பாதி அந்தப் பயந்தான். (காலாண்டிதழ் என்று போட்டு வருஷத்துக்கு ஒருதரம் வரும் பத்திரிகைகளின் சந்தாதாரர்களுக்கு இது புரியும்.)

இனி விற்கிறவர் பக்கம். மார்க்ஸின் மூலதனம் இரண்டாம் தொகுதி, எங்கெல்ஸ் 1885இல் வெளியிட்டது, நம் விவாதங்களில் அதிகம் தொடப்படாதது. அதில் உழைப்பு நேரம், உற்பத்தி நேரம், சுற்றோட்ட நேரம் என்று மூன்றைப் பிரிக்கிறார். பிழிந்த திராட்சைச் சாறு புளிக்கவேண்டும், வனைந்த பாண்டம் காயவேண்டும். அப்போது யாரும் உழைக்கவில்லை. ஆனாலும் உற்பத்தி நடந்துகொண்டிருக்கிறது. ஆத்தங்குடிக் கல்லைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அமுக்குவது சில நிமிஷ வேலை. பிறகு அது காயவேண்டும், தொட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவேண்டும், மறுபடி காயவேண்டும். சூளை கிடையாது. சிமெண்ட் இறுகுவதற்கு எடுக்கும் நேரத்தை எந்தச் செயலியும் குறைக்கமுடியாது. அவசரப்பட்டு எடுத்து அனுப்பினால் வாங்கியவர் வீட்டில் விரிசல் விடும். அப்போது திருப்தி எங்கே?

கண்டாங்கி இன்னும் சிக்கல். ஒரு சேலைக்கென்று ஒரு பாவு போடமுடியாது. ஒரு பாவில் பல சேலைகள் இறங்கும். அரக்குச் சிவப்புக்குப் பதில் கடுகு மஞ்சளில் ஒன்றே ஒன்று வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒருவர் ஆர்டர் போட்டால், அந்த ஒன்றுக்காகப் பாவு முழுவதையும் சாயம் மாற்றி ஏற்றவேண்டும், மிச்சச் சேலைகளுக்கு ஆள் தேடவேண்டும். ஐப்பசி அடைமழையில் கஞ்சி போட்ட பாவு காயாது. தீபாவளி ஆர்டர் வருவதோ அதே ஐப்பசிக்கு!

சரி, அப்படியானால் இரண்டே நாளில் சேலை அனுப்புகிறவர் எப்படி அனுப்புகிறார்? அவர் வேகமாக நெய்யவில்லை. ஏற்கெனவே நெய்து வாங்கி அடுக்கி வைத்திருக்கிறார். ஆர்டர் வந்ததும் அலமாரியிலிருந்து எடுத்து ஒட்டுகிறார், அவ்வளவுதான். அதாவது, வாங்குகிறவருக்கு வேகமாகத் தெரிவது விற்கிறவரிடத்தில் இருப்புச் சரக்காக, அந்தச் சரக்கில் முடங்கிக் கிடக்கும் பணமாக இருக்கிறது. நூறு சேலையை மூன்று மாசம் தூங்கவைக்க வசதியுள்ளவருக்கே வேகம் கட்டுப்படியாகும். நெய்கிறவருக்கு ஆகாது, நெசவுக் குடும்பத்திலிருந்து வந்து சில்லறையாக விற்கும் என் தோழிக்கும் ஆகாது. கிட்டங்கி வைத்திருக்கும் வியாபாரிக்கு ஆகும். நெசவாளர் நேரடியாக விற்கலாம், இடைத்தரகர் ஒழிந்தார் என்று இணைய வணிகத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட கதையாடல் இங்கேதான் உடைகிறது. வேகம் என்ற நிபந்தனை தரகரைக் கொல்லைப்புறமாகத் திரும்ப அழைத்துவந்துவிடுகிறது.

இது மறைமுகமாக நடக்கவில்லை, விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. குறித்த நாளுக்குப் பிந்தி அனுப்பிய ஆர்டர்கள் 4 சதவீதத்துக்குக் கீழேயும், அனுப்புமுன் விற்பனையாளரே ரத்து செய்தவை 2.5 சதவீதத்துக்குக் கீழேயும் இருக்கவேண்டும் என்பது அமேசான் விற்பனையாளருக்கு வைக்கும் அளவுகோல். அதிகமானால் கணக்கு முடங்கலாம். மாசம் 20 ஆர்டர் எடுக்கும் ஒருவருக்கு ஒரே ஒரு தாமதம் 5 சதவீதம். இரண்டாயிரம் ஆர்டர்காரருக்கு 79 தாமதம்வரை பிழையில்லை. மழையில் பாவு காயாத காரணத்தை எழுத அதில் இடமில்லை. கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு 2019இல் கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கலாம். இன்றைக்கே அனுப்பப்படும் விசைத்தறிக் கட்டம்போட்ட துணி, திருப்திப் பட்டியலில் கைத்தறிக்கு மேலே நிற்பதை அது தடுப்பதில்லை.

கையில் சரக்கில்லாமல் ஆர்டர் எடுப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஃபிளிப்கார்ட் 2007இல் புத்தகக் கடையாகத் தொடங்கியபோது அதற்கு வந்த முதல் ஆர்டர் மஹபூப்நகரிலிருந்து. கேட்ட புத்தகம் கையில் இல்லாமல், ஆர்டர் வந்தபிறகு பெங்களூர்க் கடைகளில் தேடி வாங்கி அனுப்பினார்கள். அன்றைக்கு யாராவது சதவீதக் கணக்கு பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பெரிய கிட்டங்கிக்குள்ளும் வேகம் வானத்திலிருந்து இறங்குவதில்லை. ஹரியானாவின் மானேசரில் உள்ள அமேசான் கிட்டங்கியில், இலக்கை முடிக்கும்வரை கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் போவதில்லை என்று தொழிலாளர்கள் உறுதிமொழி எடுக்க வைக்கப்பட்டதாகச் செய்தி வந்து, 2024 ஜூனில் தேசிய மனித உரிமை ஆணையம் மத்திய தொழிலாளர் அமைச்சகத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. பொட்டலத்தைப் பிரிக்கிறவருக்கு இது தெரியவேண்டியதில்லை என்பதே ஏற்பாடு. பண்ட மாயை என்று நாம் முப்பது வருஷமாக எழுதிவருவது இதைத்தான். இப்போது பண்டத்தோடு நிமிஷமும் மாயையாகியிருக்கிறது.

வேகமே வேண்டாம் என்பவன் நானில்லை. இன்சுலினுக்கும் குழந்தையின் பால்மாவுக்கும் வேகம் வேண்டும். சேலைக்கு என்னத்துக்கு என்பதே கேள்வி. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்கூட இத்தனை நாளில் கொடு என்று சொல்லவில்லை. பொருளை அனுப்புவது, திரும்பப் பெறுவது பற்றிய விவரங்களைத் தெளிவாகச் சொல், புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவை என்றுதான் சொல்கின்றன. அதாவது தகவல்.

தோழியின் விற்பனையில் நாங்கள் செய்துபார்த்தது அதைத்தான். இருப்பிலுள்ள சேலைக்கு 'நாளை அனுப்பப்படும்' என்றும், தறியிலுள்ளதற்கு ஒரு தேதியும் போட்டோம். தேதியைக் கொஞ்சம் தள்ளியே போட்டோம். பாவு ஏறியதும் ஒரு படம், சேலை அறுத்ததும் ஒரு படம். மழையென்றால் மழை என்று எழுதினோம். தேதியைப் பார்த்ததும் விலகிப்போனவர்கள் உண்டு. அது நஷ்டந்தான், மறைப்பதற்கில்லை. நின்றவர்களிடமிருந்து "அனுப்பியாச்சா?" வெகுவாகக் குறைந்தது. ஒரு திருநெல்வேலிக்காரர் "அக்கா, அவசரமில்ல, நெய்யிறவங்க கைய ஒரு படம் எடுத்துப் போடுங்க" என்று கேட்டார். நெய்கிறவரோ, "என் கையில என்னத்தப் பார்க்கப் போறாங்க தாயி, நூலப் பார்க்கச் சொல்லு" என்று மறுத்துவிட்டார். அவர் மறுப்பில் நியாயமிருக்கிறது. உழைப்பைக் காட்சியாக்கித் திருப்தியை வளர்ப்பது இன்னொரு சுரண்டலாக எப்போது மாறும் என்று எனக்குக் கோடு போட்டுச் சொல்லத் தெரியவில்லை.

தேதியும் படமும் முடங்கும் பணத்துக்கு விடையாகாது. நெய்யத் தொடங்கும்போதே கூலியில் பாதி கைக்கு வந்தால், இருப்பு வைக்கும் சுமை வாங்குகிறவர்களிடையே பகிரப்படும். அதற்கு முன்பணம் தருகிறவரின் பயத்தை யாராவது ஏற்கவேண்டும். அன்றைக்குத் தபால் இலாகா ஏற்றதை இன்றைக்கு ஏற்கக்கூடியது கூட்டுறவுச் சங்கமா, கோ-ஆப்டெக்ஸா? பொருள் போய்ச்சேரும்வரை சங்கம் பணத்தைப் பிடித்துவைத்து, பாதியை மட்டும் தறிக்கு விடுவது நடைமுறைக்கு ஒத்துவருமா? நெசவாளர் சங்கங்களில் வேலை செய்யும் தோழர்கள் கணக்கு விவரங்களோடு எழுதினால் மேலே பேசலாம்.