நெருஞ்சிலும் நீர்க்கடுப்பும்

2022 ஆம் ஆண்டு ஆடி மாதம். பெற்றோல் இல்லாத காலம் என்பது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். வன்னியில் நான் பொறுப்பாக இருந்த கிராமங்களுக்கு மோட்டார் சைக்கிளில் போக முடியாமல், அம்மாவின் பழைய லேடீஸ் சைக்கிளைத் தூசு தட்டி எடுத்து மிதித்துக்கொண்டு திரிந்தேன். கச்சான் தோட்டங்களுக்கு நடுவே போகும் மணல் ஒழுங்கையில் ஒரே கிழமையில் மூன்று தரம் ரியூப் காற்றுப் போயிற்று. மூன்று தரமும் குற்றவாளி நெருஞ்சில் முள்தான்.

மூன்றாம் தரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனபோது கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர், எங்கள் மாதர் சங்கத்து அக்கா, வரம்புக்கு வந்து மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, ஒரு கிழமையாச் சலம் போகேக்குள்ள எரியுது. அடிவயிறும் குத்துது. நெருஞ்சில் அவிச்சுக் குடிச்சால் சரிதானே?"

"ஓமக்கா, குடியுங்கோ. முகாமிலை எனக்கும் அம்மம்மா அதைத்தான் தந்தவ" என்று சொல்லிவிட்டு நான் ரியூப் ஒட்டப் போய்விட்டேன்.

அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அதற்கு முன்னர் இந்தச் செடியைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும்.

நெருஞ்சில் வறண்ட நிலத்தின் செடி. இந்தியாவின் தார் பாலைவனத்திலும் ஆபிரிக்காவின் மணற்காடுகளிலும் தானாகவே முளைத்துப் படரும். எங்கள் மன்னார், வன்னி, யாழ்ப்பாணத்து மணல் நிலங்களும் அதற்குத் தாய்வீடு போலத்தான். வேரை ஆழத்துக்கு இறக்கிவிட்டு, கொடியை நிலத்தோடு நிலமாகப் பரப்பிக்கொள்ளும். சின்னச் சின்ன இலைகள், ஐந்து இதழுள்ள மஞ்சள் பூ. காய் முற்றினால் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள்ளும் இரண்டு சிறிய முள்ளும் இருக்கும். எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒரு முள் மேலே பார்த்துக்கொண்டு இருக்குமாறு அமைந்திருப்பது அதன் கெட்டித்தனம். மிதிப்பவரின் காலிலும் வண்டிச் சில்லிலும் ஏறியே அது ஊர் விட்டு ஊர் போகிறது. சங்ககாலத்துப் பெண் புலவர் அள்ளூர் நன்முல்லையார், முன்பு இனியவனாக இருந்து பின்பு நோகச் செய்த கணவனுக்கு உவமையாக இந்தச் செடியைத்தான் எடுத்திருக்கிறார். குறுந்தொகையில் அந்தப் பாடல் இருக்கிறது. பூவைப் பார்த்து ஆசைப்பட்டு முள்ளை மிதித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆயுர்வேதத்தில் இதன் பெயர் கோக்ஷுரம். பசுவின் குளம்பு என்ற பொருளில் வந்த பெயர். தசமூலம் என்று சொல்லப்படும் பத்து மூலிகைகளில் இதுவும் ஒன்று. எங்கள் சித்த வைத்தியத்திலும் சிங்கள வைத்தியத்திலும் இதற்கு முக்கிய இடம் உண்டு. சிங்களத்தில் நெரெஞ்சி என்பார்கள். எல்லா முறைகளும் இதை முதலில் சொல்வது சலத்தோடு சம்பந்தப்பட்ட வருத்தங்களுக்குத்தான்: நீர்க்கடுப்பு, சலம் சொட்டுச் சொட்டாகப் போதல், சலக்கல், உடம்பில் நீர் கோர்த்து வீங்குதல். காயில் உள்ள பொட்டாசிய உப்புக்களும் வேறு சத்துக்களும் சலத்தைப் பெருக்குகின்றன என்று இன்றைய ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். ராஜஸ்தான் பக்கத்து வறிய மக்கள் பஞ்ச காலத்தில் இதன் காயை இடித்து மாவாக்கி ரொட்டி சுட்டு உண்டிருக்கிறார்கள் என்று வாசித்தபோது, 2009 இல் நாங்கள் எதையெல்லாம் அவித்துத் தின்றோம் என்பது ஞாபகம் வந்தது.

2009 இல் நாங்கள் செட்டிகுளத்தில் மெனிக் முகாமில் இருந்தோம். எனக்கு அப்போது இருபது வயது. மலசலகூடத்துக்கு நீண்ட வரிசை. கதவுக்குக் கொளுக்கி இல்லை. இருட்டினால் போகப் பயம். ஆகவே நாங்கள் பெண்பிள்ளைகள் செய்த வேலை, பின்னேரத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்வது. வந்த சலத்தையும் விடியும்வரை அடக்கிக்கொள்வது. அப்படியே எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. ஆண் டொக்டரிடம் இதை எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தேன். அம்மம்மா கம்பி வேலியோரத்தில் நெருஞ்சிலை வேரோடு பிடுங்கி, கழுவி, கல்லில் நசித்து, மல்லியும் போட்டு அவித்துத் தந்தார். நான்கு நாளில் சுகம் வந்தது. நெருஞ்சிலில் எனக்கிருந்த நம்பிக்கைக்கு அதுதான் அத்திவாரம்.

இன்று யோசித்தால், அம்மம்மா மருந்து மட்டும் தரவில்லை என்பது விளங்குகிறது. ஒரு போத்தல் தண்ணீரையும் குடிக்கவைத்து, இரவில் கைப்பிடித்து வரிசைக்குக் கூட்டிக்கொண்டும் போனார். எது என்னைச் சுகப்படுத்தியது என்று இப்போது யாரால் சொல்ல முடியும்?

அக்காவின் கதைக்கு வருகிறேன். நான் சொன்னபடி அவர் குடித்தார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பதின்மூன்று நாள். எரிவு குறைவதும் திரும்ப வருவதுமாக இருந்திருக்கிறது. பெற்றோல் இல்லை, பஸ் ஒழுங்கில்லை, வைத்தியசாலையிலும் மருந்துத் தட்டுப்பாடு என்று கதை. ஒரு நாள் கூலியை விட்டுப் போய் வெறுங்கையோடு திரும்புவதா என்று நினைத்து இருந்துவிட்டார். கணவர் 2009 இல் இல்லாமற் போனவர். இரண்டு பிள்ளைகளுக்கும் அந்தக் கூலிதான் சோறு. பதினான்காம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் பிடித்துக்கொண்ட வலி, சத்தி. மூத்த மகள் அழுதுகொண்டு எனக்குப் போன் எடுத்தாள். 1990 அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று.

கிருமி சலப்பையில் இருந்து சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றார்கள். இரத்தம் பார்த்தபோது சீனி வருத்தமும் இருப்பது தெரியவந்தது. அதுவரை அவர் ஒரு தரமும் சீனி பார்த்ததில்லை. சீனி கூடியவர்களுக்குச் சலத்தில் கிருமி தொற்றுவது எளிது, முற்றுவதும் விரைவு. ஒன்பது நாள் வாட்டில் வைத்து ஊசி மருந்து ஏற்றினார்கள்.

"இத்தனை நாள் என்ன செய்தனீங்கள்?" என்று பெண் டொக்டர் கேட்டார்.

அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "வேலை டொக்டர்" என்று மட்டும் சொன்னார். நான் கட்டிலின் மறுபக்கத்தில் நின்றேன்.

நான் சமூகவியல் படித்தவள். மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனால் கிராமத்தில் பட்டம் உள்ளவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பார்கள். சில வேளை நானும் அப்படி நினைத்துக்கொண்டுவிடுகிறேன்.

மனம் கேளாமல், அக்கா வீடு திரும்பிய பிறகு எங்கள் பக்கத்தில் பெயர் பெற்ற ஒரு பரியாரியாரிடம் போனேன். எழுபது வயது கடந்தவர். நடந்ததைச் சொன்னேன். நெருஞ்சிலைக் குறை சொல்லுவார் அல்லது ஆங்கில வைத்தியத்தைக் குறை சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைத்தான் குறை சொன்னார்.

"நெருஞ்சிலிலை பிழையில்லைப் பிள்ளை. காய்ச்சல் இருக்கோ, சீனி இருக்கோ, வயிற்றிலை பிள்ளை இருக்கோ எண்டு கேளாமல் நீ சொன்னதுதான் பிழை. நான் நாடி பாக்காமல் ஒரு குளிசையும் குடுக்கிறேல்லை."

பிறகு திண்ணையில் இருத்தி விளக்கமாகவே சொன்னார். இலேசான கடுப்புக்கு அவர் கொடுப்பது காய்ந்த நெருஞ்சில் காயும் மல்லியும் சேர்த்துப் பன்னிரண்டு கழஞ்சு, அதாவது ஏறக்குறைய 60 கிராம். இடித்து, எட்டுக் கோப்பைத் தண்ணீர் விட்டு ஒரு கோப்பையாக வற்றக் காய்ச்சி, வடித்து, காலையும் மாலையும் பாதி பாதியாகக் குடிக்க வேண்டும். சில வேளை தேங்காய்ப்பூக்கீரையும் சேர்ப்பாராம். சிறுபூளை என்றும் பொல்பலா என்றும் சொல்வது அதைத்தான். மூன்று நாளில் குணம் தெரியாவிட்டால் அவரே ஆளை வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவாராம். மூன்று நாள் என்பதை மூன்று தரம் சொன்னார்.

இன்னொரு விடயத்தையும் சொன்னார். தெருவோரத்திலும் களைநாசினி அடித்த தோட்டத்திலும் நெருஞ்சில் பிடுங்கக் கூடாது. அக்கா பிடுங்கியது அந்தக் கச்சான் தோட்டத்தில்தான். இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது.

யானை நெருஞ்சில் வேறு செடி. நிமிர்ந்து வளரும், காயும் பெரிது. அதன் பச்சை இலைக் கொப்பைத் தண்ணீரில் விட்டு நாலு தரம் சுழற்றினால் தண்ணீர் முட்டை வெண்கரு போலக் கொழகொழவென்று ஆகிவிடும். சிறுவயதில் எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. உடற்சூட்டுக்கும் வெள்ளைபடுதலுக்கும் அதைக் குடிக்கும் வழக்கம் எங்கள் பெண்களிடம் உண்டு. ஆனால் வெள்ளைபடுதலோடு நாற்றமோ கடியோ இரத்தமோ இருந்தால் அது சூடு அல்ல. சுகவனிதையர் கிளினிக்கில் காட்ட வேண்டும். முப்பத்தைந்து வயதான பெண்களுக்குப் பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் அங்கே இலவசமாகப் பார்க்கிறார்கள். அக்கா அப்போதே போயிருந்தால் சீனி முன்னமே தெரிந்திருக்கும். இதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

சகோதரிகளே, கர்ப்பவதிகளின் கால்வீக்கத்துக்கு நெருஞ்சில் கஷாயம் கொடுப்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். முகமும் கையும் வீங்கித் தலையிடித்து, கண் மங்கினால் அது பிரஷர் ஏறியதன் அடையாளம். தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. கஷாயம் வைக்க அடுப்பு மூட்டும் நேரத்தில் மருத்துவமாதுவுக்குப் போன் எடுங்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களும், சீனிக்கும் பிரஷருக்கும் குளிசை போடுபவர்களும் கேளாமல் குடிக்கக் கூடாது. பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. குளிசையோடு நெருஞ்சிலும் சேர்ந்தால் சீனியும் பிரஷரும் மட்டுக்கு மீறி இறங்கக்கூடும். மூலிகைதானே, தீங்கு செய்யாது என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி: தென்னாபிரிக்காவில் நெருஞ்சிலை அதிகம் மேய்ந்த செம்மறி ஆடுகள் ஈரல் பழுதாகி, வெயில் தாங்காமல் தலை வீங்கிச் செத்திருக்கின்றன. ஆண்களுக்குப் பலம் தரும் என்று இப்போது போத்தலில் அடைத்தும் விற்கிறார்கள். ஆண்களின் உடற்சுரப்பை அது கூட்டுவதற்குத் தக்க சான்று இல்லை. காசுக்குத்தான் கேடு.

சலத்தைப் பரிசோதிக்க ஒரு சிறு போத்தல் போதும். அரசாங்க வைத்தியசாலையில் காசு இல்லை. பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்பதற்கும் வெட்கப்பட வேண்டாம். எரிவோடு காய்ச்சல், நடுக்கம், முதுகுவலி, சத்தி, சலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி மிஞ்சியிருந்தது. அக்காவுக்கு ஏன் கடுப்பு வந்தது? சீனி ஒரு காரணம். மற்றதை அவரே சொன்னார். காலை ஆறு மணிக்குத் தோட்டத்தில் இறங்கினால் பின்னேரம் மூன்று மணிவரை அங்கே ஒதுங்க இடமில்லை. வெட்டவெளி, சுற்றிவர ஆண்கள். ஆகவே பெண்கள் ஒருவரும் தண்ணீர் குடிப்பதில்லை. முகாமில் நான் செய்ததை அவர்கள் பதின்மூன்று வருடம் கழித்தும் தோட்டத்தில் செய்துகொண்டிருந்தார்கள். நாங்கள் வாழ்வாதாரக் கூட்டம் என்று மாதாமாதம் கூட்டி ஆடு, கோழி, தையல் மெசின் எல்லாம் பேசினோம். இதை ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அடுத்த கூட்டத்தில் கேட்டேன். பதினாறு பெண்களில் பதினொரு பேர் தங்களுக்கும் எரிவு வந்திருக்கிறது என்று கை உயர்த்தினார்கள். முதலில் ஒரு கை, பிறகு சிரிப்பு, பிறகு மளமளவென்று எல்லாம். அடுத்த நாளே ஐந்து பேர் சேர்ந்து தோட்டக்காரரிடம் போய்க் கேட்டார்கள். அவர் முதலில் இழுத்தார். "கச்சான் பிடுங்க வேறை ஆக்களைப் பாருங்கோ" என்று அக்கா சொன்ன பிறகு வழிக்கு வந்தார்.

இப்போது தோட்டத்தின் மூலையில் ஒரு குழி வெட்டி, கொங்கிறீட் தட்டு வைத்து, சுற்றிக் கிடுகு அடைத்திருக்கிறார்கள். கதவு இன்னும் போடவில்லை. அக்காவின் பழைய நைலெக்ஸ் சேலை ஒன்று தொங்குகிறது. பக்கத்தில் வாளியும் தண்ணீரும் இருக்கின்றன. அங்கே போகும் பாதையில் நெருஞ்சில் படராமல் இருக்க ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து மண்வெட்டியால் செதுக்கிவிடுகிறார்கள்.